கேன் கழுத்தில் கட்டிய துணி

திருமழிசையில் மூடிக்கிடந்த ஒரு ஃபாக்டரியில் சினிமாவுக்காக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், எங்கள் கிளப்பின் மூன்று வண்டிகள் அடுத்தடுத்து ஜாம் ஆகி நின்றன. முதல் வண்டி நின்றபோது சிரித்தார்கள். இரண்டாவது நின்றபோது சிரிப்பு இல்லை. மூன்றாவது நின்றதும் அங்கே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என் கையைப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். கையைப் பார்க்கிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அது இன்னும் தப்பாகப் போயிற்று.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன். ஒசூரில் பெயின்ட் பட்டறையில் இருந்தேன். கோவாவில் வாடகைக்கு ஸ்கூட்டர் விடும் கடையில் இருந்தேன். வண்டி வேலை கற்றது அங்கேதான். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. யாரும் துரத்தியதுமில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் கிளம்ப வேண்டும் போல இருக்கும், கிளம்பிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்காத பந்தியாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். பசி தீர்ந்தால் போதும் என்றிருந்த காலம்.

திருமுல்லைவாயிலில் மட்டும் தங்கிவிட்டேன். காரணம் ஒரு கொட்டகை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர், தன்னிடமிருந்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளை நிறுத்துவதற்காக ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒரு கொட்டகை கட்டியிருந்தார். லேத் அண்ணன் என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். வண்டிகளைப் பார்த்துக்கொள், உள்ளே படுத்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். மழை வந்தால் ஒழுகும், வெயிலில் தகிக்கும். ஆனால் ராத்திரி என்னை யாரும் எழுப்பி நகர்ந்து படு என்று சொல்லாத முதல் இடம் அது. வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று முதல்முறையாக நினைத்தேன்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய வண்டி வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்து லேத் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு வந்த பிறகுதான் கிளம்புவோம். பூந்தமல்லியில் துணிக்கடை வைத்திருந்த பாய், கடைக்கு முன்னால் வண்டியை உறுமவிட்டபடி காத்திருப்பார். நெமிலிச்சேரியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வருவான்; வாய் அதிகம், வண்டியில் ஹாரன் வேலை செய்யாது. ஹைவேயில் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். வழியில் யார் வண்டியாவது நிற்கும். நான் இறங்கி பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவேன். சண்டை என்று வந்தால் யார் வண்டி யார் வண்டியைவிட அதிகம் புகை விடுகிறது என்பதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் எங்கள் வண்டிகளை ஒரு சினிமா கம்பெனி மேனேஜர் பார்த்தார். எங்களில் யாரும் பிறக்காத காலத்து மெட்ராஸைப் பற்றிய படமாம். ஒரு மோட்டார் சைக்கிள் கிளப். எல்லாரும் சிநேகிதர்கள். யாரோ ஒருவன் போலீசுக்குத் துப்பு கொடுக்கிறான். யார் என்று தெரியாமல் கிளப் இரண்டாக உடைகிறது, வெட்டு குத்து ஆகிறது. வண்டியும் வேண்டும், அதை ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும் என்றார். எல்லாருக்கும் வாய் காதுவரை போயிற்று. மெக்கானிக்காக நானும் போனேன்.

முதல் நாள் காலையில் சட்டை கொடுத்தார்கள். நல்ல கோஷ்டிக்கு வெள்ளையும் கழுத்தில் சிவப்புத் துணியும். கெட்ட கோஷ்டிக்குக் கறுப்பு. யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதை டைரக்டர் முடிவு செய்வார் என்றிருந்தோம். சட்டைகளை முன்னாலேயே தைத்துவிட்டார்களாம். வெள்ளை எல்லாம் சின்ன அளவு, கறுப்பு எல்லாம் பெரிய அளவு. ஒல்லியாக இருந்தவர்கள் நல்லவர்கள் ஆனார்கள். பாய் ஒல்லி, எலக்ட்ரீஷியனும் ஒல்லி. லேத் அண்ணன் ஆறடி, அகலமும் அதற்குத் தகுந்த மாதிரி.

"இன்னாபா இது, நான் சர்ச்சுல பாட்டு பாட்றவன். என்னைப் போயி ரவுடியா போட்டுக்கினு கீறீங்க" என்றார் அண்ணன்.

சட்டை கொடுத்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரவுடி சட்டைதான் சார் டபுள் எக்ஸெல். நல்லவரா வரணும்னா நாளைக்கு இளைச்சிட்டு வாங்க."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் பாய் நிறுத்துவதற்கு முன்பே அண்ணன் நிறுத்திவிட்டார். அதை நான் பார்த்தேன்.

ஃபைட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். மீசையெல்லாம் நரைத்த, அதிகம் பேசாத ஆள். அவர் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ரெண்டு கோஷ்டியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடாதீங்க. ஒண்ணா டீ குடிக்காதீங்க. குடிச்சீங்கன்னா ஷாட்ல மூஞ்சியப் பாத்ததும் சிரிச்சிருவீங்க. படம் முடியட்டும், அப்பறம் கட்டிப் புடிச்சுக்கங்க." அது அவருடைய தொழில் வழக்கமாம். எல்லாப் படத்திலும் அப்படித்தான் செய்வாராம்.

அன்றிலிருந்து சாப்பாடு தனித்தனி. கறுப்புச் சட்டைகள் பாய்லர் ஷெட்டுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டைகள் வேப்பமரத்தடியில். காலையில் வந்ததும் செல்போன்களை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்வார்கள், கதை வெளியே போகக்கூடாதாம். கதையை எங்களுக்கும் முழுசாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவனுக்கும் அவன் ஓட்டுகிற ஷாட் மட்டும் சொல்வார்கள். மிச்சத்தை இவர்களே கற்பனை செய்துகொண்டார்கள். கையில் போன் இல்லாமல், ஷாட்டுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டு ஆண்கள் வேறு என்ன செய்வார்கள்? வெள்ளை என்ன பேசுகிறது என்று கறுப்பு கவனித்தது. கறுப்புக்கு இரண்டு முட்டை வைத்தார்கள், நமக்கு ஒன்று என்று வெள்ளை சொன்னது. நான் இரண்டு பக்கமும் போக வேண்டியவன். நான் வந்ததும் இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும்.

இந்த இடத்தில் பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. அதில் ஆயில் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பிஸ்டன் சூடேறி சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். கம்பெனி பெட்ரோலை வெள்ளை பிளாஸ்டிக் கேன்களில் கொண்டுவந்து ஒரு தார்ப்பாய்க்குக் கீழே வைத்திருந்தது. காலையில் நான் தேவையான கேன்களில் ஆயிலைக் கலந்து, கலந்த கேனின் கழுத்தில் ஒரு பனியன் துணியைக் கட்டிவிடுவேன். துணி இருந்தால் கலந்தது, வண்டிக்கு. துணி இல்லாதது வெறும் பெட்ரோல், ஜெனரேட்டருக்கு. வண்டிகளில் ஊற்றுவதும் நான்தான்.

வெறும் பெட்ரோல் கேன்கள் சாயங்காலத்தில் இளைக்கும். ஷூட்டிங் வண்டிகளை அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் தினமும் ஓட்டும் வேறு வண்டிகளில் வீட்டுக்குப் போவார்கள். போகும்போது ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில் பெட்ரோலால் நிரம்பியிருக்கும். துணி கட்டிய கேனை யாரும் தொடமாட்டார்கள், அதை ஊற்றினால் வீட்டு வண்டி வெள்ளையாகப் புகைந்து காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெரியும். கம்பெனி பெட்ரோல், எனக்கென்ன என்று இருந்தேன்.

வண்டிகள் நின்ற அன்று காலை, இரண்டு கேன்களைக் கலந்து துணி கட்டி முடித்தவுடனே ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"சூப்பர். இந்தக் கைதான் வேணும். நகத்துல அழுக்கைக் கழுவிடாதீங்க."

படத்தில் ஒரு மெக்கானிக் வருகிறான், கிளப் வண்டி ஒன்றின் டேங்கில் ராத்திரியில் சர்க்கரையைக் கொட்டுகிறான். அந்த நடிகரின் கை பூப்போல இருந்ததாம். கைக்கு மட்டும் டூப் நான். உடைந்த பழைய டேங்க் ஒன்றை ஸ்டாண்டில் வைத்து, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி ராத்திரியாக்கினார்கள். சர்க்கரை கேமராவில் தெரியவில்லை என்று ரவையைக் கொடுத்தார்கள். கொட்டினேன். இன்னும் மெதுவா என்றார்கள். மெதுவாகக் கொட்டினேன். மூடியைப் போட்டுவிட்டு விரலைச் சட்டையில் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். திரும்பத் திரும்ப அதையே செய்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

வெளியே டிவி மாதிரி ஒன்றில் அது தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் இரண்டு கோஷ்டியும் அதைச் சுற்றி நின்று பார்த்திருக்கிறார்கள். நான் வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியன் என் தோளில் கை போட்டான்.

"யோவ், இன்னா அசால்ட்டா கொட்றே. பயக்கம் போல கீது."

"நடிப்புப்பா" என்றேன்.

"நடிப்புன்னா மூஞ்சி நடிக்கணும் மாமே. கை எப்படி நடிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். "படத்துல அந்த மெக்கானிக்க கடைசில இன்னா பண்றாங்க?" என்று யாரோ கேட்டார்கள். "கொளுத்திடறாங்கன்னு கேள்வி" என்றான் எலக்ட்ரீஷியன். அதற்கும் சிரித்தார்கள்.

நான் கை ஷாட்டில் இருந்தபோது, அவசரம் என்று வண்டிக்காரர்களே போய், துணி கட்டிய கேன்களாகப் பார்த்து எடுத்துத் தங்கள் டேங்கை நிரப்பியிருந்தார்கள். மத்தியானம் துரத்தல் காட்சி. ஃபாக்டரிக்குள் சுற்றிச் சுற்றி, ஆக்ஸிலேட்டரை முழுசாக முறுக்கி ஓட்ட வேண்டும். அதில்தான் மூன்று வண்டிகள் நின்றன. பாயின் வண்டி, எலக்ட்ரீஷியன் வண்டி, கறுப்புக் கோஷ்டியில் ஒருவரின் வண்டி. பாயின் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு, சறுக்கி, சுவர்வரை இழுத்துப்போய் அவரைப் போட்டது. முழங்கை உரிந்துவிட்டது.

"ரவாவ போட்டுட்டாண்டா" என்றான் எலக்ட்ரீஷியன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"லூசு மாதிரி பேசாதே. அது ஓட்டை டேங்கு, தனியா கீது பாரு" என்றேன்.

"அது ஷாட்டுக்கு. இது?"

லேத் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "எவனும் பேசாதே. ஹெட்டக் கயட்டு. பாத்துட்லாம்."

எல்லாரும் சுற்றி நிற்க, பாயின் வண்டியில் சிலிண்டருக்கு மூடியான ஹெட்டைக் கழற்றினேன். என் பக்கம் உண்மை இருந்ததால் அவசரப்படவில்லை. உள்ளே ரவையும் இல்லை, மணலும் இல்லை. பிஸ்டன் வரிவரியாகக் கீறிக்கொண்டு, எண்ணெய்ப் பசையே இல்லாமல் சுட்ட சட்டி மாதிரி இருந்தது. சந்தோஷமாக நிமிர்ந்து, "பாருங்க, ஒண்ணுமே போடல. ஆயில் இல்லாமதான் புடிச்சிருக்கு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

"ஆயில் கலக்கறது யாரு?" என்று கேட்டார் அண்ணன்.

ஷூட்டிங்கை நிறுத்திவிட்டார்கள். வெளிச்சம் போவதற்குள் சரி செய்யுங்கள் என்று அசிஸ்டென்ட் வந்து கத்திவிட்டுப் போனான். அண்ணன் என்னை பாய்லர் ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"எனக்கு மட்டும் சொல்லு. வெள்ளைச் சட்டைங்க பேச்சக் கேட்டு செஞ்சியா? நம்ம ஆளுங்கள மாட்டி வுட அவங்களே வண்டிய ஜாம் பண்ணிக்கினு நாடகம் ஆட்றாங்களா?"

"அண்ணே, பாய் கைய உரிச்சிக்கினு கீறாரு. எந்த ஆளுண்ணே அப்படி நாடகம் ஆடுவான்?"

"ஆடுவாங்க" என்றார். "ஒனக்குத் தெர்யாது. எங்கூட்டு கொட்டாய்ல படுத்துக்கினு, அவங்களாண்ட டீ குடிக்கற. நான் பாத்துக்கினுதான் கீறேன்."

அங்கிருந்து நகர்ந்தால் வேப்பமரத்தடியில் பாய் நின்றுகொண்டிருந்தார். முழங்கையில் கைக்குட்டை. எப்போதும் போல மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி, உன்னை நான் குத்தம் சொல்லல. நீ ஒருத்தர் நிழல்ல இருக்கறவன். அவர் சொன்னா செஞ்சுதான் ஆவணும். அவர் சொன்னாரான்னு மட்டும் சொல்லு. ரவுடி சட்டை குடுத்த நாள்லேந்து அவருக்கு எம்மேல ஒரு காண்டு."

"யாரும் சொல்லல பாய்."

"சரி, சொல்லாதே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு என் கண்ணைப் பார்த்து அவர் பேசவில்லை.

நான் தார்ப்பாய்க்குப் போனேன். ஆயில் கலந்தேன் என்பது எனக்கு நிச்சயம். இரண்டு கேன் கலந்தேன், இரண்டு துணி கட்டினேன். அங்கே துணி கட்டிய கேன் நான்கு இருந்தது. இரண்டு முன்வரிசையில், நான் வைத்த இடத்தில். இரண்டு பின்வரிசையில், வெறும் கேன்களோடு கேனாக. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ஆயில் கலந்த பெட்ரோல் பறந்த பிறகும் பிசுபிசுப்பு தங்கும். வெறும் பெட்ரோல் சில்லென்று பறந்து கையைக் காய வைத்துவிடும். முன்வரிசை பிசுபிசுத்தது. பின்வரிசை இரண்டும் காய்ந்தது.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. துணி கட்டிய கேனைத் திருடமாட்டார்கள். ஆகவே எவனோ ஒருவன், வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்த வெறும் பெட்ரோல் கேனை மற்றவன் தொடாமலிருக்க அதன் கழுத்திலும் துணி கட்டியிருக்கிறான். இரண்டு கேன் என்பதால் ஒருவேளை இரண்டு பேருக்கு அதே மூளை வேலை செய்திருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி மேனேஜர் கேட் பக்கமே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துப்போக முடியவில்லை. பின்வரிசையில் இருந்ததால் காலையில் அவை என் கண்ணில் படவில்லை. காலையில் நான் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் துணியை நம்பி அதை வண்டியில் ஊற்றிவிட்டார்கள்.

பின்வரிசைக் கேன்களின் துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு கேனில் சாதாரண இரட்டை முடிச்சு, யார் வேண்டுமானாலும் போடுவது. இன்னொன்றை அவிழ்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு முனையை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. அது லாரியில் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு. நான் அப்படித்தான் கட்டுவேன். இந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கு அது தெரியும் என்று யோசித்தேன். லேத் அண்ணனின் டெம்போவில் இரும்பு ஏற்றும்போது கயிறு நழுவுகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மூன்று வண்டி நின்றதில் அவர் வண்டி நிற்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் முதல் ஆளாக நிரப்பிக்கொண்டு மேக்கப்புக்குப் போய்விட்டாராம். முன்வரிசைக் கேனிலிருந்து.

முடிச்சு ஒன்றை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்ல முடியாது. டெம்போவில் அவர் கட்டுவதைப் பார்த்து வேறு யாராவது கற்றிருக்கலாம். ஆனாலும் கொட்டகைக்காரர் என்பதால் அவரைச் சந்தேகிக்காமல் இருக்கிறேனா, அல்லது என்னைச் சந்தேகித்தார் என்பதால் சந்தேகிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

சொல்லாமல் விட்டால் ஆயில் கலக்காதவன் நான். சொன்னால் எல்லாரும் பெட்ரோல் திருடினார்கள் என்று எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும். முடிச்சை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வது என்று முடிவு செய்தேன். அவிழ்த்த துணிகளைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு கோஷ்டியையும் கூப்பிட்டேன்.

"கைய நீட்டுங்க" என்றேன். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் முதலில் முன்வரிசைக் கேனிலிருந்து கொஞ்சம், மறு கையில் பின்வரிசையிலிருந்து கொஞ்சம். பழைய வண்டிக்காரர்கள், விளக்க வேண்டியதில்லை. பிரசாதம் வாங்கியவர்கள் போல கையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஒரு கை காய்ந்தது, ஒரு கை காயவில்லை.

"இந்த ரெண்டு கேன்லயும் துணி இருந்துச்சு. நான் கட்டல. சாயங்காலம் எடுத்துக்கினு போறதுக்கு யாரோ கட்டி வெச்சிருக்காங்க" என்றேன்.

ஏந்திய கைகளைத் தொங்கவிட்டார்கள். எல்லாருக்கும் சொந்தப் பாட்டில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இன்னா, திருட்டுப் பட்டமா?" என்றார் கறுப்புச் சட்டை ஒருவர்.

"பட்டம் இல்ல நைனா, பாட்டிலு" என்றான் எலக்ட்ரீஷியன். "நானும்தான் எடுத்தேன். ஆனா கேனோட அமுக்கற அளவுக்கு எனக்குப் பேராசை இல்ல. டபுள் எக்ஸெல் சட்டைக்குத்தான் டபுள் பங்கு."

அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தார். "யாரச் சொல்றே?"

"ஏன், குத்துதா?"

"கைய எடு, சின்னப் பையன்" என்று பாய் நடுவில் வந்தார். அண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிடத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். ஆனால் கை பாயின் உரிந்த முழங்கையில் பட்டது. பாய் கத்தினார். அதுவரை டீக்கடையில் ஒரே கிளாஸை மாற்றிக் குடித்தவர்கள், அடுத்த கணம் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்காகக் கற்றுக்கொடுத்த எந்த அடியும் அதில் இல்லை. முடியைப் பிடித்து இழுத்தார்கள், கடித்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள். எலக்ட்ரீஷியன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பாயின் கண்ணாடி யார் காலடியிலோ நொறுங்கியது. நான் விலக்கப் போனேன். இரண்டு பக்கமும் என்னை அடித்தார்கள்.

ஃபைட் மாஸ்டர் டீ கிளாஸோடு வந்து நின்று பார்த்தார். "விட்ருங்க, தானா ஓஞ்சிரும்" என்று தன் ஆட்களிடம் சொன்னார். "நெசச் சண்டைல ஒருத்தன் மூஞ்சிகூடத் தெரியாது, பாரு." சட்டை கொடுத்தவர் மட்டும்தான் ஓடிவந்து நடுவில் விழுந்தார். "சார், சட்டை கிழியுது சார், நாளைக்கு இதே சட்டைல சீன் இருக்கு சார்."

மறுநாள் சீன் இருந்தது. நாங்கள் இல்லை. கம்பெனி எங்களை அனுப்பிவிட்டு வேறு எங்கிருந்தோ வண்டிகளைக் கொண்டுவந்தது. உதட்டில் தையல் போட்ட எலக்ட்ரீஷியன், பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், எல்லாரையும் போனில் எழுதி அனுப்பித் திட்டிக்கொண்டிருந்தான். எழுதித் திட்டுவதில் அவன் பேச்சைவிட மோசம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாரும் எங்கேயும் கிளம்பவில்லை.

அன்று மத்தியானம் லேத் அண்ணன் வெள்ளைச் சட்டையோடு கொட்டகைக்கு வந்தார். நான் அவருடைய ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கவிழ்த்திருந்த டின்னில் உட்கார்ந்தார். கோபமாக இல்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"இங்க பாரு. ஒன்னை நான் ஒண்ணும் பண்ணல. நீ பாட்டுக்கு இங்க இரு. ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லு. அந்தத் துணிய கட்டுனது பாய்தான்னு சொல்லு. கிளப்புல எல்லாரையும் கூப்பிட்றேன். நீ சொன்னா நம்புவாங்க. கேன பாத்தவன் நீ."

"பாய் கட்டினத நான் பாக்கலண்ணே."

"பாக்கலன்னு அவனுங்களுக்குத் தெர்யாது இல்ல."

கார்புரேட்டரைத் துணியில் வைத்தேன். அவர் கேட்டது ஒரு பெயர்தான். அதற்குப் பதில் இந்தக் கூரை. நான் இதைவிடச் சின்ன விஷயங்களுக்காக இதைவிடப் பெரிய பொய்கள் சொல்லியிருக்கிறேன், அதில் எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் பாயைத் திருடன் என்று சொன்ன பிறகு இந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறவன், அடுத்த முறை இவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டும். அது இருக்கிற இடம் இல்லை, கட்டிப்போட்ட இடம். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து எழுந்து வந்துதான் இத்தனை ஊர் சுற்றியிருக்கிறேன்.

"அண்ணே, ரெண்டு கேன்ல ஒண்ணுல லாரி முடிச்சு இருந்துச்சு" என்றேன். "அது அந்தக் கூட்டத்துல எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். அதனாலதான் அதை யார்கிட்டயும் சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். ஏதாவது ஒன்று அந்த முகத்தில் தெரியும் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கட்டியவர் முகமும் அப்படித்தான் இருக்கும், கட்டாதவர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

"நான் கட்டல" என்றார். "அப்ப நீதான் கட்டிகினே."

அவர் கட்டவில்லை என்றால் அவர் அப்படி நினைப்பது நியாயம். அவர் கட்டியிருந்தால் அதைவிட நல்ல பதில் அவருக்குக் கிடைத்திருக்காது. இன்றுவரை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கேனில் மற்றதை யார் கட்டினார்கள் என்பதும் தெரியாது.

"கெளம்பறேண்ணே" என்றேன்.

"கெளம்பு" என்றார்.

பட்டாபிராம் பக்கம் ஒரு பட்டறையில் ஆள் தேவை என்று முன்பு யாரோ சொன்னது ஞாபகம் இருந்தது. துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. டூல்ஸ்தான் நேரம் பிடித்தது. அவருடைய ஸ்பேனர்களும் என்னுடையதும் ஒரே சுவரில், ஒரே ஆணி வரிசையில் தொங்கிக்கொண்டிருந்தன. யாருடையது எது என்று அதுவரை நாங்கள் பிரித்துப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாக எடுத்து அவர் பக்கம் காட்டினேன். அவர் தலையாட்டினால் பெட்டியில் வைத்தேன், ஆட்டாவிட்டால் திரும்ப ஆணியில் மாட்டினேன். என்னுடைய ஒரு ரிங் ஸ்பேனருக்கு அவர் தலையை ஆட்டவில்லை. வாக்குவாதம் செய்யவில்லை, அதையும் மாட்டிவிட்டேன்.

கடைசியில் அவர் எழுந்து வந்து, குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். அவர் நிமிரும்வரை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.